சவுக்குக் கிளையும் பெட்டிப் பலகையும்

ராயபுரத்தில், கல்யாணமாகி நான் வந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். மாமியாருக்கு என் மேல் இன்னும் கோபம் தணியவில்லை. அவர் மகனும் நானும் நாங்களாகவே முடிவு செய்து கட்டிக்கொண்டவர்கள். "சாப்ட்டியா", "தண்ணி வந்துச்சா" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. எப்படியாவது இந்த அம்மாளைப் பேச வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். எண்ணூர்ப் பக்கமிருந்து வெட்டி வந்ததை வாங்கி, பெயின்ட் டப்பாவில் மணல் கொட்டி நட்டு, சீரியல் லைட் சுற்றிவிடுவார்கள். மாமியார் அப்படி நட்டு முடித்து, பக்கத்தில் குழந்தை இயேசுவின் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டம்மா வந்தார். பாரிமுனையில் வாங்கிய பிளாஸ்டிக் மரத்தின் பெருமை அவருக்குத் தலைக்கேறியிருந்தது.

"இன்னாக்கா, இன்னும் இந்த சவுக்க வுடலியா? எங்க வூட்ல கீறது அப்டியே ஃபாரின் மரம் மாரியே கீது."

மாமியார் முகம் சுருங்கியது. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீதான் மரஞ்செடிலாம் காலேஜ்ல பட்ச்ச பொண்ணாச்சே. சொல்லு, இதுவும் கிறிஸ்மஸ் மரந்தானே?"

அவராக என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி! ஆமாம் என்றிருந்தால் தீர்ந்தது. ஆனால் தாவரவியலில் எனக்குப் பொய் வராது.

"இல்ல அத்தை" என்று சவுக்கின் ஊசியிலை ஒன்றைப் பறித்துக் கணுக்கணுவாகக் கழற்றிக் காட்டினேன். இது இலையே இல்லை, மெல்லிய தண்டு. சவுக்கு பூத்துக் காய்க்கிற மரம். வன்மரம் என்ற வகை. நிஜக் கிறிஸ்துமஸ் மரம் மென்மரம். அதற்குப் பூவே கிடையாது, கூம்பின் செதில்களில் விதை மூடாமல் உட்கார்ந்திருக்கும். வெட்டினால் கெட்டியா மிருதுவா என்பதல்ல, பூக்குமா பூக்காதா என்பதுதான் கணக்கு. "நம்ம முருங்கைகூட வன்மரந்தான்."

"தும்முனா முறியுற முருங்கையா?" எதிர்வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "சரி, பட்ச்சவ சொன்னா கரீட்டாதான் இருக்கும்" என்று வைக்கோலை ஒதுக்கிவிட்டு எழுந்தார். எனக்கு அழுகை முட்டியது.

வைக்கோல் விலகிய இடத்தில், குடிலுக்கு அடியில் போட்டிருந்த பலகை தெரிந்தது. என் கணவர் வேலை செய்யும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டிலிருந்து வந்த பேக்கிங் பெட்டிப் பலகை. இங்கே பாதி வீடுகளில் பெஞ்சும் அலமாரியும் அதுதான். வெளிர் மஞ்சள் நிறம், அங்கங்கே கருத்த வட்டம். பார்த்ததும் துள்ளிவிட்டேன்.

"அத்தை, இது பைன்! கிறிஸ்மஸ் மரத்துக்கு சொந்தக்காரன்!"

கத்தியால் ஓரத்தைச் சுரண்டி அவர் மூக்கருகே நீட்டினேன். அத்தனை கடல் தாண்டி வந்தும் பிசின் வாசனை போகவில்லை.

மாமியார் மோந்தார். இன்னொரு முறை மோந்தார். பிறகு பலகையைத் தூக்கி எதிர்வீட்டம்மாவின் மூக்கிலேயே இடித்தார். "உன் பிளாஸ்டிக்க மோந்து பாரு, இன்னா வாசன வருதுன்னு சொல்லு!"

கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேக்குக்கு முன்னால் பலகையை மோந்தாக வேண்டியிருந்தது. நான் சமையலறையில் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே மாமியார் அவர்களுக்கு விளக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முருங்கையும் சவுக்கும் கூடப்பிறந்தவர்களாம். பைன் பூத்துவிட்டால் வன்மரமாக மாறிவிடுமாம். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து போய்ச் சண்டையே போட்டிருப்பேன். மாமியார் ஒவ்வொரு முறையும் "எம் மருமவ சொன்னா" என்றுதான் ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டு உரித்தேன், அவ்வளவு சந்தோஷம்.