ஆளுக்கொரு பள்ளம்

முந்தின வருஷம் முதல் தண்ணீர் வந்த மூன்றாம் நாள், பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஆற்றில் குளிக்கப் போய் மணல் அள்ளின பள்ளத்தில் மாட்டிக்கொண்டான். தூக்கி வந்து கிடத்தியது மேகலா வீட்டு வாசலில்தான். இனி ஒரு பிள்ளையை அப்படிப் பார்க்க முடியாது என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிறது அந்த ஊர். கோடை லீவில் அம்மாக்கள் விடிந்ததும் நூறுநாள் வேலைக்குப் போய்விட்டால், பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகள்தான். அதில் ஒன்பது பேரைப் பிடித்து மேகலா தன் வீட்டுக் கொட்டகையில் உட்காரவைத்தாள். பி.எஸ்ஸி. படித்துவிட்டுச் சும்மா இருக்கிறோமே என்ற அரிப்பும் ஒரு காரணம். வாய்ப்பாடு என்றதும் இரண்டாம் நாளே நாலு பேருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. மூன்றாம் நாள் பேசாமல் எல்லோரையும் ஆற்றுக்குக் கூட்டிப் போனாள்.

ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காய்ந்த மணலும் நடுநடுவே பள்ளங்களும்தான். அள்ளுவது யாரென்று ஊருக்கே தெரியும். கேட்டால் யாருக்கும் தெரியாது. பள்ளங்கள் இருக்கும் இடம் மனப்பாடமாகிவிட்டால், தண்ணீர் வந்த பிறகு ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் போகாது என்று மேகலா நினைத்தாள். அடியும் அங்குலமும் குறித்த மூங்கில் கழியைக் கொடுத்து, "ஆளுக்கொரு பள்ளம் எடுத்துக்குங்க. அளந்துட்டு வந்து உங்க பேரைப் போட்டு எழுதணும்" என்றாள். நல்ல யோசனைதான். பேரைப் போடச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கொட்டகைச் சுவரில் சார்ட் தொங்கியது. ஒரு ஆறு, ஒன்பது பள்ளம், ஒன்பது பேர். மகளைக் கூப்பிட வந்த ஷோபனா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க மேகலா, படிச்சவங்கதானே நீங்க? உசிரோட இருக்குற புள்ள பேரைக் குழிக்கு வைப்பாங்களா?"

"அளவு பழகத்தாங்க. வேற ஒண்ணுமில்ல."

"பழகட்டும். எம் பொண்ணு பேரு வேண்டாம்."

ஷோபனா முந்தானையை நனைத்து 'எழில்மொழி'யை அவளே தேய்த்தாள். ஸ்கெட்ச் பேனா மை அழியவில்லை. பரவிப் பரவிப் பெரிதானது.

அவள் போன பிறகுதான் மேகலா பக்கத்துச் சார்ட்டைக் கவனித்தாள். வகுப்பு தொடங்கின அன்று எடுத்த உயரக் கணக்கு அது. எழில்மொழி, நாலடி இரண்டு அங்குலம். எழில்மொழி பள்ளம், நாலடி இரண்டு அங்குலம். அக்ஷய், மூன்றடி பத்து. அக்ஷய் பள்ளமும் மூன்றடி பத்து. விரலை வைத்து ஒன்பதையும் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மறுநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"நீங்கதானே மிஸ் ஆளுக்கொண்ணு எடுத்துக்கச் சொன்னீங்க," என்றாள் எழில்மொழி. "எறங்கி நின்னு பாத்தோம். தலை வெளிய தெரியாம யாருக்கு எது சரியா இருந்துச்சோ, அது அவங்களது."

கடையில் சட்டை போட்டுப் பார்த்ததைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். மற்ற எட்டுத் தலைகளும் ஆடின. மேகலா இரண்டு சார்ட்டையும் கிழித்து அடுப்பில் போட்டாள். அதற்கப்புறம் காகிதத்தில் கொக்கு, விதை சேகரிப்பு என்று கொட்டகைக்குள்ளேயே வகுப்பு நடந்தது. பிள்ளைகள் ஆற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது, பாவம்.

வழக்கமாக ஜூன் பாதியில் திறக்கும் அணையை அந்த வருஷம் மே மாதமே திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. தண்ணீர் வருகிற அன்று விடியுமுன் இருட்டிலேயே ஊரே பூவும் நெல்லுமாகப் படித்துறையில் கூடியது. நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் சத்தமில்லாமல் வந்து, பொழுது ஏற ஏற கரையோரம்வரை நிரம்பியது. ஒன்பது பிள்ளைகளும் மேகலாவைச் சுற்றிக் கரைமேல் நின்றார்கள். ஒரு கால்கூடத் தண்ணீரில் படவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

போட்ட பூவெல்லாம் கொஞ்ச தூரம் போய், அங்கங்கே நின்று மெல்லச் சுற்றத் தொடங்கியது. "அது என்னோடது." "அது என்னோடது." பிள்ளைகள் தணிந்த குரலில் வரிசையாகச் சொன்னார்கள். ஒன்பதும் சொல்லி முடிந்தது. கடைசிப் படிக்குக் கீழேயும் பூ சுற்றியது.

"அங்க ஏது பள்ளம்?" என்றாள் மேகலா.

"முந்தாநாள் தோண்டுனது மிஸ். தண்ணி வருதுன்னு அவசர அவசரமா அள்ளிட்டுப் போனாங்க," என்றாள் எழில்மொழி. "உங்களுக்குன்னு ஒண்ணு இல்லையேன்னு நேத்து நாங்களே போய் அளந்தோம். நான்தான் எறங்குனேன். ஏற முடியல, மண்ணு சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. துண்டையெல்லாம் முடிஞ்சு போட்டு இவங்கதான் தூக்குனாங்க."

கீழே ஷோபனா, முதல் தண்ணீர் மொள்ளக் குடத்தோடு கடைசிப் படியைத் தாண்டிக் காலை வைக்கப் போனாள். மேகலா விழுந்தடித்துப் படியிறங்கி அவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். குடம் கைநழுவிப் பூவுக்கு நடுவில் விழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றி மூழ்கியது. இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

எழில்மொழி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு அது சரியா இருக்காது மிஸ். அம்மா உங்களைவிடக் குட்டை."