சண்முகம் போட்ட மார்க்

சண்முகம் போய்விட்டார் என்ற செய்தி, யாங்கோனில் டாலா படகுக்கு வரிசையில் நின்றிருந்தபோது வந்தது. அவர் மனைவி டோ கின் கைப்பேசியில் அழாமல் பர்மியத்தில் சொன்னார். நானும் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகினேன். இரண்டு வருடமாகவே சிறுநீரகம் அவரைக் கைவிட்டிருந்தது. எதிர்பாராதது என்று சொல்ல முடியாது.

தின்கன்ஜூன் டீக்கடையில் அவரோடு உட்கார்ந்த உங்களுக்கு அவருடைய பைத்தியம் தெரியும். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் கனடாத் துறைமுகம் ஒன்றில் ஒரு குளிர்காலம் முழுக்க மாட்டிக்கொண்டவர், ஐஸ் ஹாக்கி பார்த்துப் பழகிவிட்டார். ஐஸ் என்றால் நமக்கு டம்ளரில் போடுவது. ஊர் திரும்பிய பிறகும் காலையில் மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் ஆட்டம் பார்ப்பார். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு. நம்மையும் பார்க்க வைத்தார்.

அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ள வருடத்துக்கு ஒரு கெடு உண்டு. அது முடிந்ததும், யாரை வாங்கினார்கள், யாரை விட்டார்கள் என்று பார்த்து ஒவ்வொரு அணிக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். பிளே-ஆஃப் சுற்றுக்கு யார் போவார், யார் மூட்டை கட்டுவார் என்றும் சொல்லிவிடுவார். தன் செல்லமான நீலச்சட்டை அணிக்கே ஒருமுறை இரண்டு மார்க்தான் போட்டார். பாவமில்லையா என்று கேட்டேன். "பாவம் பாத்து போட்டா அது மார்க் இல்லய்யா, பிச்சை" என்றார்.

ஒரு வருடம் அவரே சறுக்கினார். கெடு பிற்பகல் மூன்று மணி என்று போட்டிருந்ததை யாங்கோன் மூன்று மணி என்று எடுத்துக்கொண்டார். நீலச்சட்டைக்காரர்கள் ஒரு கோல்கீப்பரைக்கூட வாங்கவில்லை, கதை முடிந்தது என்று அன்று மாலையே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நமக்கு விடிவதற்குள் அவர்கள் நல்ல கோல்கீப்பர் ஒருவரை வாங்கிவிட்டார்கள். அந்த வருடம் பிளே-ஆஃபுக்கும் போனார்கள். உலகம் சுற்றிய கப்பல்காரருக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று ஒரு வாரம் ஓட்டினோம். தனக்குத்தானே பூஜ்யம் போட்டுக்கொண்டு டீயைக் குடித்தார்.

மகள் மீனாவுக்கு ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தபோது அவர் டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரே பெண். போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். அதுதான் சரி என்று நாம் எல்லோரும் சொன்னோம், நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"பிளே-ஆஃபுக்கு வழியில்லாத டீம், நல்ல ஆளப் பிடிச்சு வச்சு என்ன பண்ணப் போவுது? போற எடத்துல ஆடட்டும்."

பெற்ற பெண்ணும் ஹாக்கிக்காரனும் ஒன்றா என்று எரிந்து விழுந்தேன். மறுவாரமே அவளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஒரு மாதம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தகனத்தை மீனா கைப்பேசியில்தான் பார்த்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். இங்கே பிள்ளைகளுக்குச் சித்தப்பா, மாமா எல்லோருமே ஊலேதான்.

"ஊலே, அப்பா கடைசில என்னைக் கேட்டாரா?"

கேட்கவில்லை, நிம்மதியாகப் போனார் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"கேட்டாரும்மா. கடைசி வாரம் பூரா உன்னைத்தான் கேட்டாரு. வரச் சொல்லட்டுமான்னேன். வேணாம்னுட்டாரு."

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். அதுவரை அழாத நானும் அழுதேன். பிறகு, தான் போனது சரிதானா என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் தெரியலம்மா. அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

தகப்பனை இழந்த பெண்ணிடம் இப்படியா பேசுவது என்று நீங்கள் என்னைத் திட்டலாம். பாவம் பார்க்காமல் உள்ளதைச் சொல்வது, அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.