பாதியில் போர்த்திய பொன்னாடை

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கம் நகரத்தில் ஒரு மண்டபத்தில், இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் மானத்தை நானே வாங்கினேன்.

என் மனைவி அன்றிலிருந்து அந்தக் கதையை எல்லோருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் இன்னும் கொஞ்சம் கோமாளியாகிறேன். கதை பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லைத் தாண்டுவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது.

விஷயம் தர்சினியைப் பற்றியது. பியானோ வாசிப்பவர். வாசிப்பவர் மட்டுமில்லை, சொந்தமாக இசை எழுதுபவர். இருபது வருடமாக இந்த நகரத்தில் எங்கள் தமிழ் ஆட்களின் கல்யாண வரவேற்புகளுக்குப் போனவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்திருப்பார்கள். மேடை ஓரத்தில், கீபோர்டுக்குப் பின்னால், மெலிந்த ஒரு பெண்... ஞாபகம் வருகிறதா? வராது. நாங்கள் அப்போது சாப்பாட்டு வரிசையில் நின்றிருப்போம்.

என் மகளின் கல்யாணத்திலும் அவர்தான் வாசித்தார். பதினைந்து வருடம் இருக்கும். எல்லாம் முடிந்து அவர் ஒரு தட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தகப்பன் என்ற தோரணையோடு பக்கத்தில் போய், நன்றாக வாசித்தீர் என்று பாராட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

"அது சரி பிள்ளை, என்ன வேலை செய்யிறீர்?"

"இதுதான் அங்கிள்."

"பகலில?"

"பகலிலயும் இதுதான்."

அடுத்த பத்து நிமிடம் அவருக்குக் கணக்கியல் படிப்பின் அருமை பெருமைகளை விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போனது.

அந்த 'இதுதான்' என்ன என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. காலையில் பாலே நடன வகுப்பில் குழந்தைகள் கால் தூக்குவதற்குப் பியானோ. பின்னேரம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பியானோ. சனி ஞாயிறு எங்கள் கல்யாணங்கள். மிச்சம் கிடைத்த நேரத்தில் சொந்த இசை. முதல் படைப்பு அரங்கேறியபோது கேட்க வந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லையாம். அதில் எங்கள் ஆட்கள் இரண்டே பேர் — அவருடைய அம்மாவும் அப்பாவும்.

இன்றைக்குப் பெரிய இசைக்குழுக்கள் அவரைக் கேட்டு எழுதுவிக்கின்றன. ஐரோப்பாவுக்கு அழைத்து வாசிக்க வைக்கிறார்கள். யாரும் தூக்கிவிட்டு வந்த இடமில்லை இது. என்னைப் போன்ற புத்திமதிக்காரர்களை எல்லாம் பொறுத்துக்கொண்டு, ஒரு நாள் விடாமல் உட்கார்ந்து எழுதி எழுதியே வந்து சேர்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருக்கும் மதிப்பைச் சொல்லி முடியாது.

அப்படிப்பட்டவர் எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளரைத் தானாகவே போனில் அழைத்தார். எங்கள் ஆட்களுக்கு ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்றார். சினிமாப் பாட்டு இல்லை. பேச்சு இல்லை. தன்னுடைய படைப்பு ஒன்று, இருபத்தைந்து நிமிடம். அதன் நடுவில் ஓர் இடத்தில் பெரிய ஒலி ஒன்று எழும்பி, மெல்ல மெல்லத் தேய்ந்து, முற்றாக அடங்கும். அடங்கிய பிறகுதான் மீதி வரும்.

"எங்கட ஆக்கள் அந்தச் சத்தம் அடங்கும் மட்டும் இருக்கவேணும் அண்ணை. எனக்கு அது காணும்" என்றாராம். செயலாளர் இதை என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

இருபது வருடம் தட்டுச் சத்தத்துக்கும் கரண்டிச் சத்தத்துக்கும் நடுவே வாசித்தவர் கேட்டது அவ்வளவுதான்.

செயலாளர் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். ஆனால் பொன்னாடையை மட்டும் அவரால் விட முடியவில்லை. பொன்னாடை இல்லாமல் எங்களுக்கு ஒரு நிகழ்ச்சியா? அதைப் போர்த்தும் பொறுப்பு மூத்த உறுப்பினரான என்னிடம் வந்தது. முடிந்த கையோடு ஏறிவிட வேண்டும், சனம் எழும்பிப் பலகார மேசையில் றோல்ஸ் எடுக்கப் போய்விட்டால் போர்த்துவதைப் பார்க்க ஆளிருக்காது என்று இரண்டு தரம் சொன்னார். நடுவில் வரும் அமைதியைப் பற்றிச் சொன்னாரா? இல்லை. நோட்டீசில்தான் போட்டிருக்கிறதே என்று விட்டுவிட்டார். நோட்டீஸ் என் கையில் இருந்தது. கண்ணாடி காருக்குள் இருந்தது.

ஐந்து மணி நிகழ்ச்சி ஆறேகாலுக்குத் தொடங்கியது. முன்வரிசையில் நான். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் பொன்னாடை. எப்போது ஏறுவது, எப்போது ஏறுவது என்ற பதற்றத்தில் இசை பாதி காதில் விழவே இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

பாதி தூரம் போயிருக்கும். தர்சினி இரண்டு கைகளாலும் ஓங்கி ஓர் அடி அடித்தார். மண்டபமே அதிர்ந்தது. பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்தார்.

நான் எழும்பிவிட்டேன்.

பக்கத்திலிருந்த மனைவி என் கோட்டைப் பிடித்து இழுத்ததாகச் சொல்கிறாள். எனக்குத் தெரியாது. மேடைப் படிகள் கிறீச்சிட்டன. உறை சரசரத்தது. பொன்னாடையை உருவி, அவர் தோளில் போர்த்தி, சபையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். இரண்டு பேர் கைதட்டினார்கள். நாலைந்து பேர் எழும்பிக் கதவுப் பக்கம் நடந்தார்கள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். தர்சினியின் கால் ஒலியை நீட்டும் பெடலில் இன்னும் இருந்தது. பியானோவுக்குள் ஏதோ ஒன்று இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

இசை முடியவில்லை. அந்தப் பெண் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. சரியாக அதன்மேல் ஏறி நிற்கிறேன்!

அவர் என்ன செய்தார் தெரியுமா? கோபிக்கவில்லை. பொன்னாடையைக் கழற்றவும் இல்லை. பெடலிலிருந்து காலை எடுத்தார்; முனகல் நின்றது. "அங்கிள், அதிலயே நில்லுங்கோ" என்று மெதுவாகச் சொன்னார். பெடலை மிதித்து, அதே அடியை மறுபடியும் அடித்தார்.

நின்றேன். இறங்கவும் வழியில்லை, படி கிறீச்சிடும். கையில் அந்தப் பாழாய்ப்போன உறை — விரலை அசைத்தாலே சரசரக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சபையைப் பார்த்தேன். இருநூறு பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். என்னைப்போல் ஆகிவிடக் கூடாதே என்ற பயம்! எழும்பியவர்கள் எழும்பியபடி நின்றார்கள். றோல்ஸ் தட்டோடு கதவைத் திறந்த அன்ரி ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஒலி தேய்ந்தது. இன்னும் தேய்ந்தது. இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாத ஓர் இடம் வரைக்கும் போனது. ஒரு சத்தத்தை அது முடியும்வரை கூடவே போய்க் கேட்டது என் அறுபத்தாறு வயதில் அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததையும் எல்லோரும் சேர்ந்து கேட்டோம்.

தோளில் பொன்னாடையோடு அவர் மீதியை வாசித்து முடித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"எல்லாரும் அடங்கும் மட்டும் இருந்து கேட்டவை அங்கிள்" என்றார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

வெளியே வந்தால், மிசிசாகாவிலிருந்து வந்த செயலாளரின் மைத்துனர் றோல்ஸும் கையுமாக என்னிடம் வந்தார்.

"பிள்ளை நல்லா வாசிக்கிறா. அது சரி அண்ணை, என்ன வேலை செய்யிறா?"

"இதுதான்."

"பகலில?"

"பகலிலயும் இதுதான்."

பதினைந்து வருடம் பிந்திய பதில். பரவாயில்லை... எங்கள் நிகழ்ச்சி எதுதான் நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது?