ரோசி அக்காவுக்கு நான் போடவேண்டிய மதிப்பெண்

உடன் வேலை செய்கிறவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியது என் தவறா? பெங்களூருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் பதில் தெரியவில்லை.

லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு மேல்வீட்டில் ரோசி அக்கா இருக்கிறார். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்த குடும்பம். பகலில் என் மகள் நிலாவைப் பார்த்துக்கொள்வது அவருடைய நாத்தனார். என் கணவருக்கு ஓசூரில் வேலை, விடியும்போதே கிளம்பிவிடுவார். நான் செருப்பைப் போட்டதும் நிலா அழத் தொடங்குவாள். ரோசி அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், சர்ச் கோபுரத்துப் புறாக்களைக் காட்டி அழுகையை அடக்குவார். நான் அந்த நேரத்தில் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அவர் அடுத்த பஸ்ஸில் வருவார்.

இருவருக்கும் ஒரே அலுவலகம். மரச்சாமான் விற்கும் கம்பெனிக்கு வரும் புகார்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போனதும் அவர் ரோசி. நான் அவருடைய டீம் லீட். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் நாள் எனக்கு நாக்கு எழவில்லை. “கூப்புடு கண்ணு, கூப்புடத்தான பேரு வெச்சிருக்காங்க” என்று அவரே சிரித்தார்.

போன வாரம் மேனேஜர் கிரண் என்னை அழைத்தார். எங்கள் குழுவில் எல்லோருக்கும் நான் மதிப்பெண் போட வேண்டும். எல்லோரும் நன்றாகச் செய்தாலும் யாராவது ஒருவர் கடைசியில் இருந்தே ஆக வேண்டும். அவருடைய ஒப்பந்தம் நீளாது. சொல்லிவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ரோசி பெரும்பாலான நாட்கள் தாமதம். கிரணுக்கு அது தாமதம். எனக்கு அது என் மகளின் அழுகை.

என் அரைகுறைக் கன்னடத்தில் சொல்லிவிட்டேன்: அவர் எனக்கு அக்கா மாதிரி, என் குழந்தையால்தான் தாமதம் என்று. கிரண் முகம் மாறியது.

“சம்பந்திகரா? மொதலே ஹேளபேகித்தல்வா?”

உறவினரா, முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்கிறார். உறவினர்கள் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்பது இங்கே விதி. பயந்துபோய், இல்லை இல்லை, மேல்வீட்டுக்காரர், அவ்வளவுதான் என்றேன். கிரணுக்கு நிம்மதி. அப்படியானால் அது சொந்த உதவி, அலுவலகத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்று ஆங்கிலத்தில் அன்பாகவே சொன்னார். ஒரே மூச்சில் ஒருவரை அக்காவாக்கி, யாரோவாகவும் ஆக்கிவிட்டு வெளியே வந்தேன்.

டீம் லீட் ஆனபோது எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடியும் பாராட்டு என்று சொல்லித் தந்தார்கள். மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். என் மகளை நன்றாகச் சமாதானம் செய்கிறீர்கள். அதனால் தாமதமாக வருகிறீர்கள். இருந்தாலும் நன்றாகச் சமாதானம் செய்கிறீர்கள். இதை எந்த வாயால் சொல்வது?

என் ஊர் ஆரணியில் இப்படியெல்லாம் இல்லை என்று எழுத ஆசைதான். அங்கே தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். யாராவது தாமதமாக வந்தால் பக்கத்து வகுப்பு மிஸ் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். யாரும் எதையும் குறிக்க மாட்டார்கள். தாளாளர் என்னை “நம்ம பொண்ணு” என்றுதான் சொல்வார். நிலா வயிற்றில் இருக்கிறாள் என்று தெரிந்ததும், “வீட்ல ரெஸ்ட் எடும்மா” என்றார். அதுதான் என்னை வேலையைவிட்டு அனுப்பிய வார்த்தை என்பது, அடுத்த மாதம் என் வகுப்பில் வேறொரு மிஸ்ஸைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அங்கே உறவு சொல்லி அனுப்பினார்கள். இங்கே உறவு இருக்கக் கூடாது என்கிறார்கள். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

கிரணிடம் பேசிய மறுநாளிலிருந்து நானே தாமதமாகிறேன் என்று முடிவு செய்து குழந்தையோடு நின்று பார்த்தேன். நிலா என்னிடம் அடங்கவில்லை; அவர் பக்கமே கை நீட்டினாள். “நீ நின்னா ஜாஸ்திதான் அழுவும். கெளம்பு” என்றார் ரோசி அக்கா. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிலாவின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

“என் பேர எழுதணும்னா எழுது. ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா எழுதினப்புறம் அக்கான்னு மட்டும் கூப்புடாத.”

“அப்ப பாப்பா?”

“பாப்பா இன்னா பண்ணுச்சு? அது எப்பவும்போல வரட்டும். நீ வாசல்லயே வுட்டுட்டுப் போ, மேடம்.”

அவர் என்னை மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் பெயரை எழுதாவிட்டால் வேறொருவர் பெயரை எழுத வேண்டும். குழுவில் மற்றவர்கள் நேரத்துக்கு வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் யார் அழுகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. யாரையும் எழுத மாட்டேன் என்றால் என் இடம் போகும். வாடகைக்கு ஒரு சம்பளம் போதாது. மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

இன்று காலை படியில் நின்று குழந்தையைக் கொடுத்தேன். நிலா ஒரு கையால் ரோசி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இன்னொரு கையில் என் அடையாள அட்டையின் கயிறு. இழுத்தால் அழுவாள். பஸ் வரும் நேரம். அந்தக் கயிற்றின் நீளத்துக்குள் நாங்கள் மூவரும் நின்றோம்.

ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் குழந்தையைத் தூக்கிய கைக்கு நீங்கள் மதிப்பெண் போட வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.