மடியில் விட்ட பை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் அன்று நிற்கத்தான் இடம் கிடைத்தது. கல்லூரியில் என் முதல் செமஸ்டரின் முதல் பரீட்சை. பயத்தில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நிற்பவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிற்பக்கூடத்தில் வேலை செய்பவர் போலும், சட்டையெல்லாம் கல்தூசியாக இருந்த ஓர் அண்ணன் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் கையிலிருந்த குறிப்புகளை முணுமுணுத்தபடியே வந்தேன். கல்லூரி நிறுத்தம் வந்ததும் அப்படியே இறங்கி நடந்துவிட்டேன். ஹால் டிக்கெட் பையோடு போய்விட்டது என்பது கல்லூரி வாசலில்தான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

பத்து நிமிடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அந்த அண்ணன் பையோடு இறங்கினார்.

"இன்னாம்மா, அத்தினி வாட்டி கூவுறேன், காதுலயே வாங்காம போய்க்கினே கீற? தெனமும் கல்லு தூக்குறவன் நானு. இதுக்கு அதுவே தேவலாம்மா! இன்னாதான் வெச்சிகினு கீற?"

திறந்து காட்டினேன். ஒரு பரீட்சைக்கு ஆறு பாடப் புத்தகங்களையும் அடைத்து வந்திருந்தேன். எல்லாம் கூடவே இருந்தால் தைரியம் என்று நினைத்திருக்கிறேன்! அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் பரீட்சை எழுதினேன்.

என் பயத்தில் பாதி, நானாக அடைத்துக்கொண்ட சுமைதான் என்று அன்று புரிந்தது. அடுத்த பரீட்சைக்கு ஒரே புத்தகத்தோடு பேருந்தில் ஏறினேன். அதே அண்ணன் கை நீட்டிப் பையை வாங்கி, ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு காலேஜ் லீவா?"