பாலையாவின் பொய்யி

பல் துலக்குவதற்கு முன்பே பாலையா வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவுகிறார். செங்கல் வளைவின் உட்புறத்தை உள்ளங்கையால் ஒற்றி ஒற்றிப் பார்க்கிறார். கையை வெளியே எடுத்து முகர்கிறார். "இன்னும் பச்ச வாசன பூடல," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்கிறார். பிறகுதான் வேப்பங்குச்சியை ஒடிக்கிறார்.

கட்டி முடித்து இன்று இருபத்திரண்டாம் நாள். நகரியிலிருந்து புத்தூர் போகும் சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில், அவர் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது அந்த ரொட்டி அடுப்பு. ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. ஊரில் ரொட்டி தின்பவர்களும் காய்ச்சல்காரர்கள் மட்டும்தான்.

பாலையா கொத்தனார். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர், ரோட்டுக்குச் சிறு பாலம், பணக்காரர் வீட்டுக்கு மாடிப்படி. செங்கல் வாங்கப் போனால் சூளைக்காரனுக்குக் கோபம் வரும். இரண்டிரண்டாக எடுத்துக் காதருகே வைத்துத் தட்டுவார். "இது பாடுது. அது இருமுது. இருமறத நீயே வெச்சிக்க." வரிசை வைக்கும்போது இங்கிலீஷில் எண்ணுவார். கோணலாக உட்கார்ந்த கல்லை, "அட்டென்ஷன்ல நில்லுடா," என்று கரண்டிப் பிடியால் தட்டுவார். இரண்டும் பட்டாளத்திலிருந்து வந்த பழக்கம்.

நாற்பத்துமூன்றாம் வருஷக் கடைசியில் பட்டாளம் அவரை இத்தாலிக்குக் கொண்டுபோனது. உடைந்த பாலங்களைக் கட்டுகிற வேலை. மலைமேல் ஒரு கிராமத்தில், குளிர் முடியும்வரை ஒரு வீட்டுக் கொட்டகையில் பத்துப் பேர் தங்கினார்கள். அந்த வீட்டம்மாளின் ரொட்டி அடுப்பைக் குண்டு பெயர்த்திருந்தது. பாலையா ஓய்வு நேரத்தில் அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அவள் ஈர மணலைக் குவித்துக் காட்டினாள். அதன்மேல் கல் அடுக்க வேண்டும். இறுகியதும் மணலை வாரிவிட வேண்டும். வேலை முடிந்ததும் பத்து விரலையும் விரித்தாள். பத்து நாள் காய வேண்டும். பிறகு வெறுங்கையாலேயே மாவை வட்டமாகத் தட்டுவதுபோலவும் மேலே தக்காளி தடவுவதுபோலவும் பாவனை செய்து, முதல் ரொட்டி உனக்கு என்று அவர் மார்பைத் தொட்டுக் காட்டினாள். பீட்சா என்று அதன் பெயரையும் சொன்னாள்.

எட்டாம் நாள் காலையில் பட்டாளத்தை ஏற்றிப்போக லாரிகள் வந்து நின்றன.

"கட்னவன் நானு. துன்னவன் எவனோ," என்பார் பாலையா. சொல்லும்போது சிரிப்பார். அது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். "தெரிஞ்சா எதுக்குக் கட்றேன்?"

கல்யாணமான புதிதில் மனைவி செல்லியம்மாவிடம் இதைச் சொன்னார். அவள் காதில் விழுந்தது வேறு. "பிச்சையா? பிச்ச எடுக்கவா அவ்ளோ தூரம் கப்பல் ஏறிப் போன?"

ஊர் திரும்பி முதலில் கட்டிய அடுப்பு ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவதை அவசரப்பட்டு ஆறாம் நாளே பற்றவைத்தார், வெடித்தது. வேகாத மாவை ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போனது. இப்போது நிற்பது மூன்றாவது. தரைக்கல்லுக்கு அடியில் மணலும் உப்பும் உடைந்த சோடாப் புட்டிக் கண்ணாடியும் போட்டிருக்கிறார். வளைவின் மேல்பூச்சுக்குக் களிமண் உதவாது என்று இந்தத் தடவை ஏரிக்கரைக்குப் போய், பழம்புற்று ஒன்றை வெட்டி மூன்று கூடை மண் கொண்டுவந்தார். கறையான் குழைத்த மண் நெருப்புக்குத் தாங்கும். வைக்கோல் தூள் சேர்த்து மிதித்து, உச்சியிலிருந்து தரைவரை சரிவாக வழித்துவிட்டார். காய்ந்ததும் அது சிவப்பாக, கூம்பாக, கிழக்கு முகத்தில் ஒரு வாயோடு நின்றது.

பக்கத்து வீட்டு சென்னம்மா வேலிக்கு அப்பால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாண்ணா, நாகம்மாவ வூட்டுக்கே இட்டுக்கினு வந்துட்ட?"

"ரொட்டி சுடறதும்மா அது."

"மண்ணு யாருது? அவளுது. சுவரு நீ கட்டிட்டா வூடு உன்னுதா ஆயிடுமா?"

பத்தாம் நாள், பற்றவைக்க இருந்த அன்று, உச்சியில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. துடைத்தார். மறுநாள் குங்குமமும் சேர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் கையை உள்ளே விட்டபோது தரைக்கல் ஈரம். முகர்ந்தால் பால்.

"நான் காய வெச்சிக்கினு கெடக்கிறேன், பால ஊத்தறாளே! எவ அவ?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"எங்கூட்டு மாடு கறவ நின்னு ஒரு மாசம் ஆவுதுண்ணா. என்னப் பாக்காத," என்றாள் சென்னம்மா.

செல்லியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அந்த வாரம்தான் எல்லை அளக்கிறவர்கள் வந்தார்கள். எந்த ஊர் ஆந்திராவோடு, எந்த ஊர் மெட்ராசோடு என்று சங்கிலி பிடித்துக்கொண்டு வயல்வரப்பெல்லாம் நடந்தார்கள். அவர்களில் ரங்கையா என்ற குமாஸ்தா தண்ணீர் கேட்டு வீட்டுப் பின்பக்கம் வந்தவர் நின்றுவிட்டார்.

"இதேமய்யா?" என்று தெலுங்கில் இது என்னவென்று கேட்டார்.

பாலையா தெலுங்கிலேயே பதில் சொன்னார். "பொய்யி சார். ரொட்டெல பொய்யி." தெலுங்கில் அடுப்புக்கு அதுதான் சொல்.

சென்னம்மா விடவில்லை. "அவரு வாயாலயே பொய்னு சொல்லிட்டாரு பாருங்க சார்! புட்ட அது, புட்ட. நாகம்மா."

ரங்கையா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கையிலிருந்த படத்தில் சின்ன வட்டம் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் புட்ட, அதாவது புற்று, என்று எழுதிக்கொண்டார்.

"நம்ம ஊரு எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாவல. என் அடுப்பு இன்னான்னு முடிவு பண்ணிட்டானுங்க," என்றார் பாலையா அன்று சாப்பிடும்போது. செல்லியம்மா சிரிக்கவில்லை. அவள் தாய்வீடு திருத்தணிப் பக்கம். அது மெட்ராசுக்குப் போய்விடும் என்று பேச்சு. அந்தக் கவலை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை காப்பி கறுப்பாக வந்தது. நாலைந்து நாளாகவே அப்படித்தான்.

"பால் எங்க?"

"பால்காரன் வரலய்யா."

பால்காரனின் சைக்கிள் மணி சற்றுமுன்தான் வாசலில் கேட்டிருந்தது. பாலையா தம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கடுங்காப்பியை முழுக்கக் குடித்தார்.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். தொட்டில் கட்டாத வீடு. செல்லியம்மா எந்தக் கோயில் மரத்திலும் துணி முடிந்ததில்லை. வாய்விட்டு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிற இடம் இப்போது வீட்டுப் பின்னாலேயே வந்து நின்றுவிட்டது.

அன்றிலிருந்து பாலையா கத்துவதில்லை. மஞ்சளைத் துடைப்பதில்லை. விடிந்ததும் கையை விடுகிறார், பாலை முகர்கிறார், பச்சை வாசனை போகவில்லை என்கிறார். பத்து நாள் போதுமான அடுப்பு இப்படித்தான் இருபத்திரண்டு நாள் காய்ந்தது.

ஆனால் மாவு காத்திருக்காது. திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்த மைதாவில் வண்டு தென்பட ஆரம்பித்துவிட்டது. நேற்று சாயங்காலம் புளித்த இட்லி மாவு ஒரு கரண்டி விட்டுப் பிசைந்துவைத்தார். இன்று அது பானை விளிம்பைத் தாண்டி எழும்பி நிற்கிறது. பழுத்த தக்காளியும் இருக்கிறது. அடுப்புக்குள் சவுக்குக் கட்டையைக் கூடாரம் போல அடுக்கியாயிற்று. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாலையா அடுப்பின் வாய்க்கு நேரே குந்தியிருக்கிறார். செல்லியம்மா வந்து பக்கத்தில் நிற்கிறாள்.

"பத்த வெக்கட்டா?"

"உன் அடுப்பு. என்ன இன்னாத்துக்குக் கேக்கற?"

"உள்ள எதுனா கீதா?"

"நான் பாக்கல. இல்லன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல."

பதினாறு வருஷமாக வேகாத ரொட்டி ஒரு குச்சி உரசலில் இருக்கிறது. பாலையா தீப்பெட்டியை மடியில் செருகிக்கொள்கிறார். வீட்டுக்குள் போய்ச் சுத்தியும் உளியும் எடுத்துவந்து, அடுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, தரையோரமாகப் பூச்சைச் சுரண்டுகிறார். செல்லியம்மா சுற்றி வந்து அவர் பக்கத்தில், சுரண்டுகிற இடத்துக்கு நேரே குந்துகிறாள்.

"இன்னாய்யா பண்ற?"

"நாகம்மாவுக்கு வழி வெக்கிறேன்."

"பின்னால ஓட்ட போட்டா சூடு நிக்குமா?"

"நிக்காது."

"அப்பறம் ரொட்டி?"

அவர் ஒரு செங்கல்லைச் சுற்றி உளியை மெதுவாக ஓட்டுகிறார். சத்தம் அதிகமாகிவிடக் கூடாது என்பதுபோல ஒவ்வொரு தட்டும் விழுகிறது. கல் உடையாமல் முழுசாகக் கையோடு வருகிறது. அதைத் தரையில் வைத்துவிட்டு, துளைக்கு நேரே உட்கார்ந்திருக்கும் செல்லியம்மாவைச் சற்றுத் தள்ளி உட்காரும்படி கையால் காட்டுகிறார்.