எதற்கும் சரி சொன்ன ரேடியோ

எனக்குக் கிடைத்த முதல் வேலை கல்வராயன் மலையில் ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, ஒரு கூரை, ஒரு வாத்தியார். சங்கராபுரம் பக்கத்துச் சமவெளியில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிரும் சாமைச் சோறும் ஆறே மாதத்தில் அலுத்துப்போயின. எப்படியாவது மாற்றல் வாங்கிக் கீழே இறங்கிவிட வேண்டும். அதற்கு ஒரு அதிகாரி நல்லபடியாக நாலு வரி எழுத வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் பள்ளிக்கு ஒரு ரேடியோ கொடுத்தது. மத்தியானத்தில் கணக்குப் பாடம் வரும். அதற்கு வேண்டியது நாலு பேட்டரிதான், வாத்தியார் வேண்டியதில்லை. ரேடியோவில் ஒரு அம்மா இனிமையாக, “குழந்தைகளே, ஒன்பதெட்டு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார். பிள்ளைகள் வாய்க்கு வந்ததைக் கத்துவார்கள். ஒருவனுக்கு ஐம்பது, இன்னொருத்திக்குத் தொண்ணூறு. “மிகச் சரி! கெட்டிக்காரக் குழந்தைகள்!” என்பார் அம்மா. அப்புறம் விடையைச் சொல்லத்தான் செய்வார். கைதட்டல் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது. பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த என் காதில் மட்டும் எப்படி விழும்?

‘ரேடியோ வந்த பின் கணக்கில் தேர்ச்சி வெகுவாக உயர்ந்துள்ளது’ என்று மேலிடத்துக்கு எழுதினேன். மாற்றல் விண்ணப்பத்தையும் அதே கவரில் வைத்தேன்.

அதை நேரில் பார்க்கக் கல்வி அதிகாரி மலையேறி வந்தார். பிள்ளைகள் கத்தினார்கள், ரேடியோ பாராட்டியது, எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரியும் தட்டினார். என் மாற்றல் உறுதி என்று நினைத்தேன்.

அவர் இறங்குவதற்குள் கீழே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை வரை ஒரு பஸ் ஓடவில்லை; அதிகாரி மலையிலேயே மாட்டிக்கொண்டார். ரோட்டில் உட்கார்ந்தவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு அவர்கள் அங்கே அடி வாங்கினார்கள். கிடைத்த வேலையைச் செய்யாமல் தப்பிக்க நான் இங்கே வழி பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்கி வரவும் வழியில்லை. பொழுது போகாத அதிகாரி சாக்பீஸை எடுத்துக்கொண்டு, “ஒன்பதெட்டு?” என்றார். அறுபது, நாற்பத்தைந்து, நூறு என்று வகுப்பே கத்தியது. கத்திவிட்டு எல்லோரும் ரேடியோவையே பார்த்தார்கள்.

“இன்னாய்யா, எல்லாம் அதையே பாக்குது?” என்று என்னிடம் கேட்டார் அதிகாரி.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “அதான் சார் சரின்னு சொல்லும். இன்னா சொன்னாலும் சொல்லும்.”

“அப்ப எது சரின்னு தெரியாதா?”

“தெரியாது சார். சாரும் சொன்னதில்ல.”

மாற்றல் போயிற்று, வேலையாவது மிஞ்சுமா என்று பயந்தேன். அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாக்பீஸை மேசையில் வைத்தார். ரேடியோவால் தன் வட்டாரமே கணக்கில் புலியாகிவிட்டது என்று அவரும் தன் மேலதிகாரிக்கு எழுதியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அந்த அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. வகுப்பிலேயே பிரித்துப் படித்தேன். ‘கணக்கில் மாணவர்களின் தேர்ச்சி மிகச் சிறப்பு. இத்தகைய ஆசிரியரின் சேவை மலைப்பகுதிக்கு இன்றியமையாதது. எனவே மாற்றல் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’

நான் விட்ட பொய் சுற்றிக்கொண்டு வந்து என்னையே மலையில் கட்டிப்போட்டுவிட்டது. யாரிடம் போய் அழ?

“இன்னா சார் எழுதிக்கிறாங்க?” என்றாள் அதே பெண்.

“நம்ம ஸ்கூலு கணக்குல ரொம்ப நல்லா இருக்குதாம்.”

அவள் கைதட்டவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“அது கெடக்குது சார். ஒரு மாசமா கேக்கணும்னு இருந்தேன். ஒம்போதெட்டு எவ்ளோ?”